பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைத் தோட்டத்தில் பதிக்கும் முன் என்ன பூசுவது?

தென்பொதிகை:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டைக்கு அருகே மலையடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தமான சரிவு நிலத்தில் ஒரு தோட்டம் அமைத்து வருகிறேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே தவறாமல் பெய்வதால் மேல்மண் ஆண்டுதோறும் கரைந்து ஓடுகிறது. அதைத் தடுக்க ஒவ்வொன்றும் சுமார் 20 அடி நீளத்தில், இரண்டடி உயரத்தில், மூன்று தட்டுகளாகத் தடுப்பு எழுப்பி, இடையில் படிகள் வைக்க எண்ணியிருக்கிறேன். இதற்காகப் பழைய மரக்கடை ஒன்றில் 60 ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கி இறக்கியாயிற்று. புனலூருக்குச் செல்லும் பழைய மீட்டர்கேஜ் பாதையில் கிடந்தவை என்று கடைக்காரர் சொன்னார். அது எவ்வளவு உண்மையோ, எனக்குத் தெரியாது.

கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவை கன்னங்கரேலென்று தார் வாடை வீசுகின்றன. வெயில் ஏறினால் வெடிப்புகளிலிருந்து பிசின் போல ஏதோ கசிந்து கையில் ஒட்டுகிறது. மற்றவை சாம்பல் நிறத்தில், வாடையின்றி, கல்லைப் போல் கனக்கின்றன. சிலவற்றின் நுனியில் எஸ் எழுத்தைப் போல வளைத்த இரும்புப் பட்டை அடித்திருக்கிறது. ஆணி அடித்த துளைகள் எல்லாவற்றிலும் உண்டு.

தச்சர் பழைய எஞ்சின் ஆயிலை இரண்டு முறை பூசினால் போதும் என்கிறார். கடைக்காரர் வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர் நுனியைத் தீயில் கருக்கி நடுவதுதான் பழைய முறை என்கிறார். கரையான் இந்தப் பக்கம் மிகுதி. தட்டுகளில் ஒன்றில் கீரையும் கிழங்கும் போடலாம் என்றும், மீதமாகும் கட்டைகளில் பிள்ளைகள் உட்கார ஒரு பெஞ்சு செய்யலாம் என்றும் வீட்டில் ஆசைப்படுகிறார்கள். எதைப் பூசுவது, எதைச் செய்யக் கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

கருங்கல்ஜல்லி:

வணக்கம் ஐயா. ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்ன பூசுவது என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, உங்கள் முற்றத்தில் கிடப்பவை என்ன கட்டைகள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அளவை எடுத்துப் பாருங்கள். மீட்டர்கேஜ் பாதையின் சாதாரண மரக்கட்டை 180 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 11.5 செ.மீ. கனம் இருக்கும். அகலப்பாதைக் கட்டை 275 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம். இரண்டாவது அளவு வந்தால் கடைக்காரர் சொன்ன கதை அப்போதே முடிந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010இல் நின்று, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தது உண்மைதான். ஆனால் மீட்டர்கேஜ் தடங்கள் பலவற்றில் இரும்புத் தொட்டிக் கட்டைகளும் வார்ப்பிரும்புத் தட்டுகளும் எப்போதோ வந்துவிட்டன. மரக்கட்டைகள் கடைசிவரை தங்கியது பெரும்பாலும் பாலங்களிலும், தடம் பிரியும் பாயிண்டுகளிலும்தான். ஆகவே ஒரே குவியலில் பல ஊர்ச் சரக்கு கலந்திருக்கக்கூடும். பாலத்துக்கென்று தேர்ந்தெடுத்த மரம் சாதாரணத் தடத்துக்கு உரியதைவிடக் கெட்டியானது. அப்படிப்பட்டவை சில கிடைத்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

கருப்புக்கும் சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். சால், தேக்கு, நம் தெற்கத்திய இருள் போன்ற வைரம் பாய்ந்த மரங்களை மருந்தேற்றாமலே தடத்தில் போடுவார்கள். தேவதாரு, பைன் போன்ற மென்மரங்களை அப்படிப் போட்டால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். அதனால் பெரிய இரும்பு உருளைக்குள் அடைத்து, நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டை எரிஎண்ணெயுடன் கலந்து, அழுத்தம் கொடுத்து ஏற்றுவார்கள். பஞ்சாபில் தில்வான், அஸ்ஸாமில் நாகர்கட்டியா, பரேலி அருகே கிளட்டர்பக்கஞ்ச், நமக்குப் பக்கத்தில் பாலக்காட்டு ஒலவக்கோடு ஆகிய ஊர்களில் இதற்கென்றே ரயில்வேயின் ஆலைகள் இருந்தன. உங்களிடம் தார் வாடை வீசுபவை இந்த வகை. நுனியில் அடித்த எஸ் பட்டை, மரம் வெயிலில் பிளக்காமல் பிடித்துக்கொள்வதற்காக. அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

ஐயமிருந்தால் நுனியிலிருந்து ஒரு விரற்கடை கனத்துக்கு ஒரு வில்லையை அறுத்துப் பாருங்கள். சுற்றிலும் கருவளையமும் நடுவில் வெளிறிய மரமும் தெரிந்தால் மருந்தேற்றியது. நன்றாகக் கவனியுங்கள்: மருந்து வெளிப்புறத்து வெள்ளை மரத்தில்தான் ஊறியிருக்கும், நடு வைரத்துக்குள் அவ்வளவாக இறங்கியிருக்காது. ரம்பம் வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் மருந்தில்லாத மரத்தை மழைக்குத் திறந்துவிடுகிறீர்கள் என்று பொருள். எனவே உங்கள் தடுப்பின் நீளத்தைக் கட்டையின் நீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்களே தவிர, கட்டையைத் தடுப்புக்கேற்ப அறுக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று ஒலித்தால் தடுப்புக்கு ஆகும். பொத்தென்று ஒலித்தால் தண்டவாளம் உட்கார்ந்திருந்த பள்ளத்திலும் ஆணித் துளைகளைச் சுற்றியும் ஒரு கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். மழைநீர் உள்ளே இறங்கிய வழி அதுதான், உளுப்பு அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். கம்பி ஓர் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டையைத் தனியே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, சொல்ல அருவருப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டைகள் மேல் பல ஆண்டுகள் ரயில் பெட்டிகளின் கழிவறைகள் நேராகத் திறந்து கொட்டியிருக்கின்றன. எஞ்சின் எண்ணெயும் களைக்கொல்லியும்கூடச் சேர்ந்திருக்கும். மருந்தேற்றாத கட்டையாக இருந்தாலும் முதலில் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கிக் காயவிட்டபின் தொடுங்கள்.

இழைப்புளி:

மேலே ஐயா மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். பூச்சைப் பற்றி நான் சொல்கிறேன். மரவேலைதான் என் தொழில்.

கரிய கட்டைகளுக்கு எதையும் பூச வேண்டாம். ஆலையில் அழுத்தத்தில் ஏற்றிய மருந்துக்கு மேல் தூரிகையால் நீங்கள் சேர்க்கக்கூடியது எதுவுமில்லை. வார்னிஷும் பெயின்டும் அதன்மேல் நிற்கா. சித்திரை வெயிலில் உள்ளிருந்து தார் கசிந்து வரும்போது பூச்சு கொப்புளம் கட்டி உரிந்துவிடும். கசிந்த இடத்தில் மணலைத் தூவி, அது தாரை உறிஞ்சியபின் பழைய கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுவதே போதுமானது.

எஞ்சின் ஆயிலை அடியோடு மறந்துவிடுங்கள். இந்தப் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது என்பதை அறிவேன், என்னுடன் வேலை செய்பவர்களே செய்கிறார்கள். பழைய ஆயிலில் ஓடித் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் சேர்ந்திருக்கும். அது மரத்துக்குள் இறங்குவதில்லை, மேலே படிந்து முதல் மழையிலேயே உங்கள் மண்ணில் இறங்கும். கருக்கி நடுவதும் மண்ணுக்குள் போகும் மரத்துக்குப் பெரிய காப்பாகாது. தீ பட்ட கரிக்கு உளுப்பு வராது என்பது சரி, ஆனால் கரி வெடித்து, வெடிப்பின் வழியே நீரும் பூஞ்சையும் பின்னாலிருக்கும் நல்ல மரத்தை அடைந்துவிடும்.

சாம்பல் நிறக் கட்டைகளுக்குப் பூச்சு பயன்படும், எங்கே பூசுகிறோம் என்பதைப் பொறுத்து. நீண்ட பக்கங்கள் நீரை மெதுவாகத்தான் குடிக்கும். அறுத்த நுனி அப்படியல்ல. மரத்தின் நரம்புக் குழாய்கள் அனைத்தும் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. ஆகவே வாங்கும் மருந்தில் பாதியை நுனிகளுக்கும் துளைகளுக்கும் ஒதுக்குங்கள். செம்பு கலந்த மரக்காப்பு மருந்தை, உலர்ந்த நுனியில், மரம் இனிமேல் குடிக்காது என்னும்வரை திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். ஒரு முறை தடவி ஓடிவிட்டால் அது நிறம் மட்டுமே. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது நல்ல மருந்து, மனிதருக்கும் அவ்வளவாகத் தீங்கில்லாதது. ஆனால் நீரில் கரைந்து வெளியேறிவிடும் தன்மையுள்ளதால் கூரைக்கு அடியில் இருக்கும் மரத்துக்கே பொருந்தும். மண்ணில் கிடந்து மழையில் நனையும் தடுப்புக்கு ஆகாது.

நம் ஊர்ச் சரக்கு ஒன்று உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை நாட்டுப் படகுகளுக்குப் பூசி வந்திருக்கிறார்கள். நீரையும் பூச்சியையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாக்கிவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அந்த டின்னைத் திறக்காதீர்கள். நன்றாக உலரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பெஞ்சைப் பற்றி: கரிய கட்டையில் வேண்டவே வேண்டாம். கிரியோசோட்டைப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றாலும், அது பட்ட தோலில் வெயில் படும்போது எரிச்சலும் தடிப்பும் வருவதை அறுப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சாம்பல் கட்டை தேக்காகவோ இருளாகவோ இருந்தால், நான்கு பக்கமும் இழைத்து உள்மரம் வெளிவந்தபின் பெஞ்சு செய்யலாம். இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டி, முறிந்து உள்ளே நிற்கும் ஆணிகளைத் தேடி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அரைமணி நேரத்தில் பிளேடு போய்விடும்.

தேம்ஸ்கரை:

லண்டனில் வசிக்கிறேன். இங்கே வீட்டுத் தோட்டத்தில் ஸ்லீப்பர் கட்டை வைப்பது பெரிய மோகம், ஆனால் கடைகளில் இன்று விற்பவற்றில் பெரும்பகுதி தண்டவாளத்தையே பார்த்திராதவை. தோட்டத்துக்கென்றே 2.4 மீட்டர் நீளத்தில் அறுத்த புதிய ஓக், பைன் கட்டைகள் அவை. 2003ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி கிரியோசோட்டைப் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. அது ஏறிய பழைய கட்டைகளையும் வீட்டுக்குள்ளும், விளையாட்டுத் திடலிலும், அடிக்கடி தோல் படக்கூடிய தோட்ட இடங்களிலும், உணவுப்பயிர் வளர்க்கும் பாத்திகளிலும் பயன்படுத்தக் கூடாது என்று வகுத்தார்கள்.

தென்பொதிகை அவர்கள் கீரையையும் கிழங்கையும் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். பாலித்தீன் விரிப்பை உட்புறம் ஒட்டிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் எழுதுவார்கள். மண்வெட்டி ஒரு முறை பட்டால் கிழியும் விரிப்பை நம்பி, மண்ணுக்குள் விளையும் கிழங்கைக் கரிய கட்டைக்குப் பக்கத்தில் போடுவதற்கு எனக்கு மனம் வராது. அந்தத் தட்டு ஒன்றை மட்டும் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிவிடுங்கள்.

வன்னிமண்:

வணக்கம். எங்களுடைய ஊரில் சிலிப்பர் கட்டைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்ற பிறகு, வடக்குப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போயின. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தபோது பாதை முழுவதும் புதிதாகவே போட வேண்டியிருந்தது. குழிகளிலிருந்து எடுத்த கட்டைகளில் சிலவற்றை எங்கள் ஒழுங்கையில் வேலித் தூணாகவும் வாய்க்கால் பாலமாகவும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தூண்களில் நான் கண்டது உங்களுக்கு உதவக்கூடும். பிடுங்கிப் பார்த்தால் மண்ணுக்குள் ஆழமாக இருந்த அடிப்பகுதி உறுதியாக இருக்கும், மேலே காற்றில் நின்ற பகுதியும் உறுதியாக இருக்கும், நிலமட்டத்தில் ஒரு சாண் அளவு மட்டும் இடுப்பு சிறுத்தது போல் அரித்துப் போயிருக்கும். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும், அவை இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் நிலமட்டம்தான். ஆகவே கட்டையைச் செங்குத்தாக நடுவதைவிடப் படுக்கையாக அடுக்குவதே நல்லது என்று நினைக்கிறேன். நட்டே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு சாண் இடத்துக்கு மருந்தைத் தாராளமாகக் கொடுங்கள். வாய்க்கால் பாலத்தில் கிடந்தவை, அடியில் காற்று ஓடியதால், எத்தனையோ மாரியைத் தாங்கிக் கிடந்தன.

தென்பொதிகை:

அனைவருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தும் குத்திப் பார்த்தும் பிரித்துவிட்டேன். எல்லாம் மீட்டர்கேஜ் அளவே. கரியவை 38 தேறின, சாம்பல் நிறத்தவை 15 தேறின, ஏழு கட்டைகள் உள்ளே கோதாகிவிட்டன. சாம்பல் கட்டை ஒன்றை இழைத்துப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்பு நிறத்தில் கண்ணைப் பறித்தது, எங்கள் தச்சர் இருள் மரம் என்றார். கிழங்குத் தட்டைக் கருங்கல்லில் கட்டுவதாக முடிவு செய்துவிட்டோம். இனி இரண்டு தட்டுகளே.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அடுக்குவது எப்படி, கரையானுக்குத் தனியாக மருந்து அடிக்க வேண்டுமா என்பது ஒன்று. உளுத்த ஏழு கட்டைகளையும் அறுத்த துண்டுகளையும் என்ன செய்வது என்பது மற்றொன்று. வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு பக்கம் அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கருங்கல்ஜல்லி:

ஐயா, அடுக்குவதில்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது. ரயில் பாதையில் கட்டைக்கு அடியில் ஏன் ஜல்லி கொட்டுகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைப் பரப்புவது ஒரு காரணம், மழைநீர் கட்டையடியில் நிற்காமல் வடிந்துவிடுவது இன்னொரு காரணம். தோட்டத்திலும் அதே முறைதான். ஈரப்பதம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சை வளராது. அதற்கு எவ்வளவு நெருக்கமாக மரத்தை வைத்திருக்கிறீர்களோ, அவ்வளவுக்கு ஆயுள் கூடும்.

ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டி ஜல்லி நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். முதல் வரிசையை நீர்மட்டம் பார்த்து அதன்மேல் படுக்கையாகக் கிடத்துங்கள். 11.5 செ.மீ. கனம் என்பதால் ஐந்து வரிசையில் இரண்டடிக்கு மிக நெருக்கமாக வந்துவிடும். 20 அடி நீளத்தை மூன்று கட்டை நீளமாகக் குறைத்து, அதாவது 5.4 மீட்டராக வைத்துக்கொண்டால், இரண்டு தட்டுக்கும் சேர்த்து 30 கட்டைகள் போதும், ரம்பத்துக்கும் அதிக வேலை இராது. செங்கல் சுவரைப் போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி அடுக்க வேண்டும். இதற்காக ஒன்றுவிட்ட வரிசைகளில் மட்டும் ஒரு கட்டையைப் பாதியாக அறுத்தால் போதும். ஒவ்வொரு வரிசையையும் அரை அங்குலம் மலைப்பக்கம் உள்வாங்கி வையுங்கள்.

கட்டைகளில் துளையிட்டு 12 மி.மீ. முறுக்குக் கம்பியை மேலிருந்து அடித்து, இரண்டடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். நடு வரிசையில் ஓரிடத்திலாவது ஒரு கட்டையைச் சரிவுக்குள் செங்கோணமாகப் புதைத்து, முன்பக்கக் கட்டையோடு பிணைத்துவிட்டால், மண் தள்ளும்போது அது பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். தடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு ஜல்லியே இருக்க வேண்டும், களிமண் கட்டையை ஒட்டக் கூடாது. ஜல்லிக்கு அடியில் துளையிட்ட நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் வடியும்படி போட்டுவிடுங்கள். மண்ணின் பாரத்தைவிட, ஐப்பசியில் அதற்குள் தேங்கும் நீரின் பாரம்தான் இம்மாதிரித் தடுப்புகளைச் சாய்க்கிறது. உயரத்தை இரண்டடிக்கு மேல் கூட்ட ஆசை வந்தால், பொறியாளர் ஒருவரைக் கேட்டபின் கூட்டுங்கள்.

ஒரு கட்டை 35 கிலோவுக்குக் குறையாது. இருவராகத் தூக்குங்கள்.

இழைப்புளி:

கரையான் விஷயம் என்னிடம் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கரிய கட்டையைக் கரையான் தொடாது, உள்மரம் திறந்திருந்தால் மட்டும் அந்த வழியாக நுழையப் பார்க்கும். இருள் மரத்தின் வைரத்தையும் எளிதில் அரிக்காது, ஓரத்து வெள்ளை மரத்தைத்தான் தின்னும். கட்டடத்துக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸை மண்ணில் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். கீழ்த் தட்டில் கிழங்கு விளையப்போகும் நிலத்தில், சரிவிலிருந்து நீர் அந்தப் பக்கமே இறங்கும் என்பதால், நான் அதைச் செய்ய மாட்டேன். ஜல்லிப் படுகையே கரையானின் மண்தடத்தை வெளியே காட்டிவிடும். பார்க்கும்போதெல்லாம் கலைத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் மருந்து வையுங்கள். கட்டை அடுக்கின் எந்தப் பகுதியும் வீட்டுச் சுவரையோ வாசற்காலையோ தொடாமல் இருக்கட்டும்.

பழைய ஆணித் துளைகளை அப்படியே விடாதீர்கள். துளைக்குள் மருந்தை ஊற்றி, வேங்கை அல்லது தேக்கில் ஆப்பு சீவி, அதையும் மருந்தில் தோய்த்து அடித்து இறுக்கி, மேல் மட்டத்துக்கு அறுத்துவிடுங்கள். அடுக்கின் மேல் வரிசைக்கு இது மிகவும் முக்கியம், மழை நேராக விழுவது அங்கேதான். முறுக்குக் கம்பிக்காகப் புதிதாக இடும் துளைகளுக்கும் பாதியாக அறுத்த நுனிகளுக்கும் இதே மருந்துதான். உட்காரவோ கை வைக்கவோ தோன்றும் மேல் வரிசைக்கும் படிகளுக்கும் சாம்பல் கட்டைகளை ஒதுக்கி, கரியவற்றைக் கீழ் வரிசைகளுக்குள் மறைத்துவிட்டால் பிள்ளைகளைப் பற்றிய கவலையும் பெரும்பாலும் தீரும்.

வெந்நீர் அடுப்பைப் பொறுத்தவரை, அந்த அடுக்கை இன்றைக்கே கலைத்துவிடச் சொல்லுங்கள். கிரியோசோட் ஏறிய துண்டை எரித்தால் வரும் புகை குளிக்கப் போகிறவரின் மூச்சுக்குள்தான் போகும். சாம்பலையும் செடிக்குப் போட முடியாது. அறுத்த தூளையும் துண்டுகளையும் சாக்கில் கட்டி, குப்பையோடு யாரும் கொளுத்திவிடாதபடி தனியே வைத்து, உள்ளாட்சியின் திடக்கழிவுப் பிரிவில் அபாயக் கழிவு என்று சொல்லி ஒப்படையுங்கள். உளுத்த ஏழில் கரியவை இருந்தால் அவற்றுக்கும் இதே வழிதான். சாம்பல் நிறத்தவை இருந்தால் மட்டும் தென்னைக்கு அடியில் வரப்பு ஓரமாகப் போட்டுவிடலாம், கரையான் அங்கே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

அறுக்கும்போது கையில் தார் ஒட்டினால் மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள், அது தாரைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் இறக்கும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கச் சொல்லுங்கள்.